வெறும் பட்டடையில் ஓர் அடி

அந்தக் காலத்தில் நண்டுக்குக் கவட்டைக் கை கிடையாது, மரங்கொத்திக்கு உளி மூக்கு கிடையாது, கும்பிடுபூச்சிக்கு அரிவாள் கிடையாது. ஆனால் வாய் மட்டும் எல்லோருக்கும் இருந்தது. பேசத் தெரியாத பிராணி என்று ஒன்றுகூட அப்போது இல்லை. கூரான சாமான் ஏதாவது வேண்டுமென்றால் யாராக இருந்தாலும் கொல்லரிடம் வந்து வாயைத் திறந்து கேட்கத்தான் வேண்டும்.

பொதிகை மலை அடிவாரத்துக் கத்திக் கொல்லர்கள் வருஷத்துக்கு ஒருமுறை, பங்குனி வெயில் ஏறுகிற சமயத்தில், ஆற்றங்கரை ஆலமரத்தடியில் கூடுவார்கள். அவரவர் உலையை அவரவர் மூட்டிக்கொள்வார்கள். துருத்திகள் மூச்சுவிட, சுத்தியல்கள் பேச, அந்த இடமே திருவிழா மாதிரி இருக்கும். கூட்டத்துக்குப் பெரியவர் சங்கிலியாசாரி. அவர் முறைத்தால் உலைத்தீ தானாக அணைந்துவிடும் என்று கேலி பேசுவார்கள், அவர் காதில் விழாத தூரத்தில் நின்றுகொண்டு.

தொழில் பழக வந்தவர்களை ஆளுக்கொரு ஆசாரியிடம் ஒப்படைப்பதுதான் கூட்டத்தின் முக்கியமான வேலை. பழக வந்தவர் அடுத்த கூட்டம் வரைக்கும் அந்த ஆசாரி வீட்டிலேயே தங்கவேண்டும். மறுவருஷம் எல்லோர் கண்முன்னாலும் சொந்தமாக ஒரு கத்தி செய்து காட்டவேண்டும். கத்தி தேறிவிட்டால் அன்றைக்கே அதை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட வேண்டும், வாத்தியார் பட்டறைப் பக்கம் திரும்பிப் பார்க்கக்கூடாது. தேறாவிட்டால் இன்னொரு வருஷம் அதே ஆசாரியிடம் இருக்கவேண்டும். நண்டும் மரங்கொத்தியும் அப்படித் தேறிப் போனவர்கள்தான். நண்டு மட்டும் ஒன்று போதாதென்று இரண்டு கத்தரி செய்துகொண்டு போனது. அதன் பேராசையை ஊரே பேசியது.

கூட்டத்தில் உலகம்மை என்று ஒரு கொல்லத்தி இருந்தாள். பழுத்த இரும்பை எந்தச் சிவப்பில் தண்ணீரில் தோய்க்கவேண்டும் என்று பார்த்துச் சொல்வதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. சூடு கொஞ்சம் குறைந்தால் கத்தி மழுங்கிப்போகும், கொஞ்சம் கூடினால் உடைந்துபோகும். அவள் பதம் பார்க்க, புருஷன் மாசானம் சம்மட்டி போட, அந்த வீட்டுக் கத்திக்கு மலைக்கு அந்தப்புறம்கூட நல்ல பெயர். ஐப்பசி மழையோடு வந்த காய்ச்சல் மாசானத்தைக் கொண்டுபோய்விட்டது. அதற்கப்புறம் பட்டறையில் அவளுக்குப் பேச்சுத்துணைக்கு ஆளில்லை. குறட்டிடமும் அரத்திடமும் பேசிப் பார்த்தாள். பிராணிகள்தான் அந்தக் காலத்தில் பேசும், சாமான்கள் பேசாது.

மாசானம் செத்துப்போன வருஷத்துக் கூட்டத்துக்குத்தான் அந்தப் பச்சைக் குருவி வந்தது. கைக்குள் அடங்கிவிடும் உருவம், தடித்து மழுங்கின மூக்கு. அதற்கென்று ஒரு பாட்டுகூடக் கிடையாது.

"உனக்கு எதுக்குல கத்தி?" என்றார் சங்கிலியாசாரி.

"பொந்து போடணும் அண்ணாச்சி. கிளையில முட்டை வச்சா காக்கா விட்டுவைக்க மாட்டேங்கு. போன வருசமும் போச்சு, இந்த வருசமும் போச்சு. எம்பொண்டாட்டி மலையில ஒத்தையில உக்காந்து அழுதுக்கிட்டு இருக்கா. மூக்குல மாட்டிக்க சின்னதா ஒரு கத்தி இருந்தா மரத்தைக் குடைஞ்சி வீடு கட்டிருவேன்."

"சுத்தியத் தூக்குவியா நீ?"

கூட்டம் சிரித்தது. குருவி தலையைக் குனிந்துகொண்டது. அந்தக் குனிந்த தலையைப் பார்க்க உலகம்மைக்குப் பொறுக்கவில்லை.

"சுத்திய நான் தூக்குதேன் அண்ணாச்சி. எங்க அடிக்கணும், எப்ப நிறுத்தணும்னு அவன் சொல்லட்டும். கை என்னுது, கத்தி அவனுது."

சங்கிலியாசாரி மீசையைத் தடவினார். "அப்படின்னா கடைசியில சூடு பாத்து, தோய்க்கச் சொல்லுததும் அவனாத்தான் இருக்கணும். நீ வாயத் திறக்கப்படாது. சம்மதமா?"

"சம்மதம்."

குருவி அவள் தோளில் ஏறி உட்கார்ந்துகொண்டு அவளோடு வீட்டுக்கு வந்தது.

முதலில் ஒன்றும் ஒட்டவில்லை. இரும்பை வைத்து அடிக்கிற பட்டடையின் ஓரத்தில் உட்கார்ந்து அது "டுக்" என்று சொன்னால் அவள் அடிக்கவேண்டும். ஒன்று அது முந்திக்கொள்ளும், இல்லையென்றால் அவள் முந்திக்கொள்வாள். "ஒன் சுத்தி எம்பேச்சக் கேக்கவே மாட்டேங்குக்கா" என்று குருவி அலுத்துக்கொள்ளும். "எஞ்சுத்தி எம்புருசன் பேச்சையே கேட்டதில்ல" என்பாள் அவள். சொல்லிவிட்டு ஒருநாள் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்த பிறகுதான், இத்தனை மாதமாகத் தான் சிரிக்கவே இல்லை என்பது அவளுக்கு உறைத்தது.

நாளாக நாளாக இரண்டு பேருக்கும் ஒரே மூச்சாகிவிட்டது. டுக் என்றால் அடி விழும், டுக் டுக் என்றால் இரண்டு விழும். இரும்பு நீளுவதையும் வளைவதையும் பார்த்துக் குருவியே வேலை வாங்கியது. சோளச்சோறு பொங்கினால் முதல் பருக்கை அதற்குத்தான். காலையில் பட்டறையைத் திறக்க அவள் ஓட்டமும் நடையுமாகப் போவதைப் பார்த்துத் தெருவே சிரித்தது.

சாயங்காலமானால் மட்டும் குருவி கூரை நுனியில் போய் உட்கார்ந்து மலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். "மேல மழை பெய்யுதுக்கா. அவ நனைஞ்சிக்கிட்டிருப்பா" என்று சொல்லும். அந்தப் பேச்சு உலகம்மைக்குப் பிடிக்காது. உள்ளே எழுந்து போய்ச் சும்மா கிடக்கிற பாத்திரத்தைத் துலக்குவாள். அவளுக்குத் தன் மேலேயே கோபம் வரும். யாரோ ஒரு குருவி, அதன் பொண்டாட்டியை அது நினைக்கிறது, உனக்கு என்ன வந்தது என்று தன்னைத்தானே கேட்டுக்கொள்வாள். கேட்டாலும் அடங்கவில்லை.

எல்லாம் சொல்லிக்கொடுத்தாள், ஒன்றைத் தவிர. பழுத்த இரும்பை நிழலில் வைத்துத்தான் பார்க்கவேண்டும். வெயிலில் பார்த்தால் அதன் சிவப்பு கண்ணுக்குத் தெரியாது, வெந்து முடிந்த இரும்புகூட வேகாதது போலத் தோன்றும். அவள் பட்டறை ஓலை வேய்ந்த இருட்டுப் பட்டறை, வெயிலுக்கு அங்கே வேலையே இல்லை. அதனால் அந்தப் பேச்சு எழவில்லை. இன்னும் நாள் இருக்கிறதே, பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளித் தள்ளிப் போட்டாள். அதைச் சொல்லிவிட்டால் சொல்லிக்கொடுக்க வேறு ஒன்றும் மிச்சமிருக்காது.

மறுபடியும் பங்குனி வந்தது.

ஆலமரத்தின் நடுநிழலில் நல்ல இடமாக ஒதுக்கி வைத்திருந்தார் சங்கிலியாசாரி. உலகம்மை அங்கே போகாமல், நிழல் முடிகிற ஓரத்தில் உலையைப் போட்டாள். "இங்கன காத்து வரும் அண்ணாச்சி" என்றாள். ஏன் அங்கே போட்டாய் என்று யாராவது அழுத்திக் கேட்டிருந்தால் எனக்கே தெரியாது என்றுதான் சொல்லியிருப்பாள். நமக்குள் என்ன, அவளுக்குத் தெரியும்.

காலையெல்லாம் வேலை ஜோராக நடந்தது. குருவி சொல்லச் சொல்ல அடி பிசகாமல் விழுந்தது. வேப்பிலை அளவுக்கு ஒரு கத்தி உருவாகிக்கொண்டு வந்தது. மற்ற ஆசாரிமார் தங்கள் வேலையை விட்டுவிட்டு வந்து சுற்றி நின்றார்கள். போன வருஷம் சிரித்தவர்களும் அதில் இருந்தார்கள்.

"இன்னிக்கு ராத்திரி மலைக்குப் போயிருவேன்லாக்கா?" என்று குருவி மெதுவாகக் கேட்டது. "அவகிட்ட ஒன்னப் பத்தித்தான் மொதல்ல சொல்லுவேன்."

உலகம்மை உலைப் பக்கம் திரும்பினாள். கத்தியை உலைக்குள் வைத்துத் துருத்தியை மிதித்தாள். உச்சிவெயில் ஏறி நிழல் சுருங்கி, அவள் நின்ற இடத்தில் வெளிச்சம் பளீரென்று விழுந்திருந்தது.

கத்தியை எடுத்து நீட்டினாள். சரியான பதம். அவளுக்கா தெரியாது? குருவி தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தது. வெயிலில் அதற்குச் சிவப்பே தெரியவில்லை.

"இன்னுங் கொஞ்சம் வேகணும்க்கா."

வாயைத் திறக்கக்கூடாது என்பதுதான் கட்டு. நாலடி பின்னால் நகர்ந்து நிழலுக்குள் நிற்கக்கூடாது என்று எந்தக் கூட்டமும் சொல்லவில்லை. நகர்ந்திருந்தால் போதும். அவள் கால் நகரவில்லை. ஒரு வருஷம்தானே, என்று நினைத்தாள். இன்னும் ஒரே ஒரு வருஷம் என்கூட இருந்துவிட்டுப் போகட்டுமே.

கத்தி மறுபடியும் தீக்குள் போனது. மறுபடியும் வெளியே வந்தது.

"இப்பத் தோய்க்கா!"

தண்ணீர் சீறி அடங்கியது. குருவி சிறகை அடித்துக்கொண்டு துள்ளியது. உலகம்மை தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தேர்வு என்பது ஒரே வெட்டு. கடமான் கொம்பில் கத்தியால் ஓங்கி வெட்டவேண்டும். கொம்பில் தடம் விழவேண்டும், கத்தியில் குறை விழக்கூடாது. சங்கிலியாசாரி கத்திக்குப் பிடி போட்டு எடுத்துக்கொண்டார். தன் கத்தி கடிக்கிற இடத்தைத் தன் கண்ணால் பார்க்கவேண்டும் என்று குருவி கொம்புக்குப் பக்கத்திலேயே போய் உட்கார்ந்தது. அவர் ஓங்கி வெட்டினார்.

கத்தி கண்ணாடி மாதிரி நொறுங்கியது. தெறித்த ஒரு துண்டு குருவியின் நெற்றியைக் கிழித்துக்கொண்டு போனது. நெற்றி ரத்தம் வழிந்து நெஞ்சில் சொட்டியது.

உலகம்மை ஓடிப்போய் அதைக் கையில் அள்ளினாள். குருவிக்கு வலி தெரிந்த மாதிரியே இல்லை. உடைந்த துண்டுகளையே பார்த்தது.

சங்கிலியாசாரி ஒரு துண்டை எடுத்து நிழலில் பிடித்துப் பார்த்தார். உடைந்த வாயில் இரும்பு கல்லுப்பு மாதிரிப் பரல் பரலாக இருந்தது. "கருகுன இரும்பு" என்றார். நிமிர்ந்து உலகம்மையைப் பார்த்தார், பிறகு அவள் நின்றிருந்த வெயிலைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. அவர் வாயைத் திறப்பதற்குள் குருவி முந்திக்கொண்டது.

"அக்கா மேல தப்பில்ல அண்ணாச்சி. தோய்க்கச் சொன்னது நாந்தான். எங்கயோ ஒரு அடி விட்டிருக்கேன். அதுலதான் எல்லாம் பிசகிப்போச்சு."

"இல்லல..." என்று ஆரம்பித்தாள் உலகம்மை. அந்த ஒரு நொடி அவள் தயங்கினாள். அவள் தயங்கிய அந்த நொடிக்குள் குருவி அவள் கையிலிருந்து எழும்பிவிட்டது.

"மொதல்லருந்து எண்ணிப் பாக்கேன்க்கா. விட்ட அடி எதுன்னு தெரிஞ்சதும் வந்துருதேன்."

ஆலமரத்தின் உச்சிக்குப் போய் இலைக்குள் இலையாக மறைந்தது. அங்கிருந்து சத்தம் வந்தது. டுக், டுக், டுக், டுக்.

உலகம்மை மரத்தடியில் நின்று கூட்டத்துக்கு முன்னால் எல்லாவற்றையும் சொன்னாள். வெயிலில் நின்றதைச் சொன்னாள், சொல்லிக்கொடுக்காமல் விட்டதைச் சொன்னாள். பிறகு மேலே பார்த்துக் கத்தினாள். "ஏல, நீ ஒரு அடியும் விடலல! தப்பு என்னுது! ஒன்ன அனுப்ப மனசில்லாம நாந்தான் கெடுத்தேன்! எறங்கி வால!"

எண்ணிக்கொண்டிருப்பவன் காதில் பேச்சு எங்கே ஏறும்? குருவி எண்ணிக்கொண்டே இருந்தது. விடாத அடியை அது எங்கே போய்த் தேடும்?

குரல் கம்மிப்போகும் வரைக்கும் கூப்பிட்டுப் பார்த்தாள். கடைசியில் சுத்தியலை எடுத்து, இரும்பு ஒன்றும் வைக்காமல், வெறும் பட்டடையில் ஓர் அடி போட்டாள். மேலே சத்தம் நின்றது. அந்த ஒரு சத்தத்தைத்தான் அது ஒரு வருஷமாகக் கேட்டுப் பழகியிருந்தது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள். கொஞ்ச நேரம் இலைகூட அசையவில்லை. பிறகு மறுபடியும், டுக், டுக், முதலிலிருந்து.

கூட்டம் கலைந்தது. உலகம்மை வீட்டுக்குப் போனாள், வேலை செய்தாள், வேறு பிள்ளைகளுக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தாள். முதல் நாளே ஒவ்வொருவரையும் நிழலுக்குள் கூட்டிப் போய்ச் சிவப்பைக் காட்டிவிடுவாள். பழுத்த இரும்பை அடிக்கும்போது நடுநடுவே ஓர் அடியை வெறும் பட்டடையில் போட்டுவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பாள். அவளிடம் படித்தவர்களும் அப்படியே அடிக்கப் பழகினார்கள்.

குருவியின் பொண்டாட்டி காத்துக் காத்துப் பார்த்துவிட்டு மலையிறங்கி வந்து சேர்ந்தாளாம். இரண்டும் மொட்டை மூக்கை வைத்துக்கொண்டு பச்சை மரத்தைக் குடைய முடியாமல், பட்டுப்போன முருங்கைக் கிளையைக் கொத்திக் கொத்திப் பொந்து போட்டு, காக்காய்க்குத் தப்பிக் குஞ்சும் பொரித்தனவாம். அந்தச் செய்தியைக் கொண்டுவந்த மரங்கொத்திக்கு உலகம்மை கேழ்வரகுக் கூழ் ஊற்றினாள். அது குடிக்காது என்று தெரிந்தும் ஊற்றினாள். "என்னத்தயாவது சொல்லிவிட்டானா?" என்று கேட்டாள். "எண்ணி முடிக்கலையாம்" என்றது மரங்கொத்தி.

அன்று முதல்தான் குக்குறுவான் என்று நாம் சொல்கிற அந்தப் பச்சைக் குருவி நெற்றியிலும் நெஞ்சிலும் அந்தச் சிவப்போடு உச்சிவெயிலில் இலைமறைவில் உட்கார்ந்து டுக், டுக் என்று எண்ணிக்கொண்டிருக்கிறது. அன்று முதல்தான் எந்த ஊர்க் கொல்லரானாலும் இரும்பில் அடிக்கிற அடிகளுக்கு நடுவே ஓர் அடியை வெறும் பட்டடையில் போட்டு, நீ ஒன்றையும் விடவில்லை, இறங்கி வா என்று அதற்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.