மாடிவீட்டு வலி

முன்னொரு மழைக்காலத்தில், கோவில்பட்டிப் பக்கம் பொரிகடலை வறுத்து விற்கும் மாசிலாமணியின் வாய்க்குள், மேல்வரிசை இடப்பக்கத்தில் ஒரு கடைவாய்ப்பல் குடியிருந்தது. அதற்குத் தன் வேலையில் ரொம்பப் பெருமை. கடலை பதமாக வறுபட்டதா என்று மாசிலாமணி கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்வதில்லை. ஒன்றை எடுத்து அந்தப் பல்லிடம் கொடுப்பார். 'டக்' என்று உடைந்தால் சட்டியை இறக்கலாம். 'சவக்' என்றால் இன்னும் வறுபட வேண்டும். வாயில் எத்தனை பல் இருந்தாலும் இந்தப் பதவி அது ஒன்றுக்குத்தான்.

அவருக்குச் சளி பிடித்து, ஒழுகி, ஓய்ந்தது போல இருந்த நேரத்தில் இடக்கன்னத்தில் வலி வந்தது. வலி வந்தால் குற்றவாளி வேண்டுமே. அந்த வாயில் போலீஸ், வக்கீல், நீதிபதி எல்லாமே நாக்குதான். அது வரிசை நெடுகத் தடவிக்கொண்டே போய்க் கடைவாய்ப்பல்லின் முன் நின்றது.

"நீதான்," என்றது.

எங்காவது குழி இருக்கிறதா பார் என்று பல் கேட்டது. நாக்கு தேடிப் பார்த்தது. குழி இல்லை. ஆனால் சொன்ன சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்ள நாக்குக்கு என்றைக்குத் தெரிந்தது? பக்கத்துப் பற்களும் தங்களுக்கும் லேசாக வலிப்பதாகச் சொல்லி, எல்லாம் இவனால்தான் என்று ஒத்து ஊதின. மாசிலாமணி நாக்கின் தீர்ப்பை நம்பினார். பல்லைப் பிடுங்கிவிடுவது என்று முடிவாயிற்று. கடைவாய்ப்பல் வேர்வரை நடுங்கியது.

டாக்டரிடம் கிளம்புமுன் தெருமுனைப் பிள்ளையாரிடம் போனார். பல் விவகாரத்தை, தன் கொம்பையே ஒடித்துக்கொண்ட சாமியிடம் கொண்டுபோகிறோமே என்று அவருக்குத் தோன்றவில்லை. காதைப் பிடித்துக்கொண்டு தோப்புக்கரணம் போட்டார். அவர் போடுகிற தோப்புக்கரணத்தில் நெற்றி முழங்காலில் முட்டும். குனியக் குனிய வலி கொன்றது.

"பிள்ளையார் எம்மேல கோவமா இருக்காரு," என்று மனைவி செண்பகத்திடம் முனகினார். "வெளிய சொல்லிராத."

பல் யோசித்தது. அவர் நின்றாலும் குனிந்தாலும் நான் நட்ட இடத்தில்தானே இருக்கிறேன்? குனியும்போது இடம் மாறுவது வேறு ஏதோ. தன் வேருக்கு மேலே, கன்னத்து எலும்புக்குள் ஓர் அறை உண்டு. டாக்டர்கள் அதைச் சைனஸ் என்பார்கள். அவ்வளவு அமைதியான குடித்தனம் என்பதால், மாடியில் ஆளே இல்லை என்று பல் இத்தனை காலமும் நினைத்திருந்தது. இப்போது கூப்பிட்டுப் பார்த்தது.

"நான்தான் தம்பி," என்று ஒரு களைத்த குரல் வந்தது. "மூக்குப் பக்கம் இருக்கிற என் வாசல் வீங்கி அடைச்சுக்கிடுச்சு. சளி வெளிய போக வழியில்ல. அவர் குனிஞ்சா அத்தனையும் வந்து முட்டுது. கத்திப் பாத்துட்டேன், யாரும் வரல."

"நீங்க கத்தினது என் பேர்ல போய்ச் சேந்திருக்கு."

"நம்ம ரெண்டு வீட்டுக்கும் ஒரே நரம்புதானே. கத்துறது யாருன்னு மூளைக்கு எப்படித் தெரியும்?"

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். பல்லுக்கு வந்த கோபம் அந்தக் குரலைக் கேட்டதும் இறங்கிவிட்டது. ஆனால் இதை வெளியே சொல்ல நாக்கை விட்டால் ஆளில்லை. பல் மானத்தை விட்டு அதனிடம் கெஞ்சியது. தோப்புக்கரணத்தைப் பற்றி வாய் திறக்க ஐயாவுக்கே வெட்கம், எனக்கென்ன வந்தது என்று நாக்கு புரண்டு படுத்தது.

"பல்லு போனா சொல்லு போச்சு," என்றது பல். "யோசிச்சுக்கோ."

பல் டாக்டர் ஜெசிந்தாவின் நாற்காலியில் உட்கார்ந்ததும், பிடுங்கிவிடுங்கள் என்றார் மாசிலாமணி. டாக்டர் அவசரப்படவில்லை. தட்டிப் பார்த்தார், எந்தப் பல்லும் தனியாக அலறவில்லை, மேல்வரிசையின் இடப்பக்கம் முழுவதும் லேசாக முனகியது. குளிர்ந்த பஞ்சைப் பல்லில் வைத்துப் பார்த்தார். சில்லென்றது, எடுத்ததும் போய்விட்டது. எக்ஸ்ரேயில் வேர் சுத்தமாக இருந்தது.

"எப்போ ரொம்ப வலிக்குது?"

மாசிலாமணி தரையைப் பார்த்தார். நாக்கு ஒருமுறை உதட்டை நனைத்தது. பிறகு அதற்கே தாங்கவில்லை.

"பிள்ளையாருக்குத் தோப்புக்கரணம் போட்டா வலிக்குது டாக்டரம்மா. அவருக்கு எம்மேல கோவம்போல."

டாக்டர் சிரிக்கவில்லை. அவரை எழுப்பிக் குனியச் சொன்னார். குனிந்தவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். சமீபத்தில் சளி பிடித்ததா என்று கேட்டார் டாக்டர். பிடித்தது என்றார்.

"பிள்ளையாரும் கோவிச்சுக்கல, பல்லும் கெட்டுப்போகல," என்றார் டாக்டர். "மேல சைனஸ்ல சளி தேங்கியிருக்கிற மாதிரி இருக்கு. காது மூக்கு டாக்டரைப் பாருங்க. இந்தப் பல்ல நான் தொடமாட்டேன்."

காது மூக்கு டாக்டர் கொடுத்த மருந்தில் மாடிவீட்டு வாசல் மெல்லத் திறந்தது. மாசிலாமணி பிள்ளையாருக்கு ஒரு படி பொரிகடலை படைத்தார். பதம் பார்த்தது யார் என்று சொல்லவேண்டியதில்லை. 'டக்' என்ற சத்தம் தெருவுக்கே கேட்டது.

அடுத்த மழைக்கு இடக்கன்னத்தில் மறுபடி வலி. இந்த முறை நாக்கு யோசிக்கவே இல்லை.

"மாடிக்காரர்தான். எனக்கு அப்பவே தெரியும், அந்த ஆளு சரியில்ல."

கடைவாய்ப்பல் குறுக்கிட்டது.

"இரு. முதல்ல ஐயாவைக் குனியச் சொல்லு."