சிஸ்டர் ஜெசிந்தா மேல் ஒரு சந்தேகம்

“சிஸ்டர், உங்க சந்தோஷம் நெசமா?”

கேட்டவர் பெலவேந்திரன், ஓய்வுபெற்ற போலீஸ் இன்ஸ்பெக்டர். அவர் மனைவியின் அடக்கப் பூசையில், விசுவாசிக்கு மகிழ்ச்சி குறையாது என்று பங்குச் சாமியார் பிரசங்கம் வைத்தார். அன்றிலிருந்து கோயிலில் எந்தச் சிரித்த முகத்தைப் பார்த்தாலும் அவருக்குச் சந்தேகம்.

சாகும் நிலையில் இருப்பவர்களைப் பராமரிக்கும் இல்லம் அது. அங்கே சிஸ்டர் ஜெசிந்தா என்ற கன்னியாஸ்திரி பாடிக்கொண்டே வேலை செய்கிறார் என்று கேள்விப்பட்டு, செபிக்கக் கற்றுக்கொடுங்கள் என்று வந்து தங்கியிருந்தார். சிஸ்டருக்கு அவர் மகள் வயதுகூட இல்லை.

சிஸ்டர் பதில் சொல்லவில்லை. ஒரு நோயாளிக்கு ஊட்டச் சொல்லிக் கஞ்சிக் கிண்ணத்தை அவர் கையில் கொடுத்தார்.

பதில் சொல்லாதவர் எதையோ மறைக்கிறார். அவருடைய போலீஸ் அனுபவம் அப்படி. ஊட்டியபடியே கண்காணித்தார்.

உயிர்ப்புப் பெருவிழாவான ஈஸ்டரன்று காலை, பூசைக்குச் சற்று முன்னால் சிஸ்டருக்குப் போன் வந்தது. அவருடைய அண்ணன் விபத்தில் இறந்துவிட்டார் என்ற செய்தி பெலவேந்திரன் காதிலும் விழுந்தது. சொந்த ஊருக்கு மதியம்தான் பஸ்.

பூசையில் அல்லேலூயாவைத் தொடங்கியது சிஸ்டர்தான். குரல் பிசகவில்லை. முகம் மலர்ந்திருந்தது.

பெலவேந்திரனுக்குக் கசந்தது. ஒன்று, இந்தப் பெண்ணுக்கு அண்ணன் மேல் பாசம் இல்லை. இல்லையென்றால் எல்லாம் வேஷம். எதுவானாலும் இன்றே வீட்டுக்குப் போய்விடுவது, இனி எந்தக் கோயில் வாசலையும் மிதிப்பதில்லை என்று முடிவு செய்தார்.

பூசை முடிந்ததும் சிஸ்டரின் பின்னாலேயே போனார்.

துணி துவைக்கும் கல்லருகே சிஸ்டர் ஒரு நோயாளியின் விரிப்பை அலசிக்கொண்டிருந்தார். தோள்கள் குலுங்கின. வாய்விட்டு அழுதார்.

“அப்போ பூசையில பாடினது பொய்.”

பெலவேந்திரனின் குரலில், பிடித்துவிட்ட திருப்தி.

சிஸ்டர் திரும்பினார். கண்ணைத் துடைக்கவில்லை.

“இல்லைங்க ஐயா.”

“இந்த அழுகை?”

“இதுவும் பொய் இல்லை. இதைப் பிடிங்க.”

விரிப்பின் ஒரு முனையை நீட்டினார்.

எதிரெதிரே நின்று முறுக்கினார்கள். தண்ணீர் கொட்டியது. அழுதுகொண்டே சிஸ்டர் அதே பாட்டைத் தொடங்கினார்.

பெலவேந்திரன் அந்த முகத்தில் பொய்யைத் தேடினார். வெகுநேரம் தேடினார்.

பாதி வரியில் அழுகை சிஸ்டரின் பாட்டை நிறுத்தியது.

மீதி வரியை யாரோ கரகரத்த குரலில் பாடினார்கள்.

அது தன் குரல்தான் என்று பெலவேந்திரனுக்குத் தெரியச் சற்று நேரமானது.