கோங் ஐயாவோட ஆயுசுப் பெட்டி

சீன தேசத்துல ஒரு ஊர்ல ஒரு செதுக்குக்காரி இருந்தாளாம். பேரு ஷுயின். அங்க ஒரு மரத்தைக் கீறினா பால் வரும். அதுல செவப்பு கலந்து மரப்பெட்டி மேல பூசுவா. காயும். மறுபடி பூசுவா. காயும். நல்லா தடிச்சதும் உளியால செதுக்குவா, கிர்ர் கிர்ர்னு. கேக்கறியா? "ம்"னு சொல்லு.

அந்த ஊர்ப் பெரிய மனுஷர் கோங். தன் குளத்துல மீன் பிடிச்சான்னு ஷுயினோட அண்ணனை அடைச்சு வெச்சிருந்தார். அப்போ வைத்தியர் நாடி பாத்துட்டு, "ஐயா, இந்தக் குளிரைத் தாண்டமாட்டீங்க"ன்னுட்டார். கோங் உடனே கெளம்பிட்டார். பல்லக்குல ஏறி ஷுயின்கிட்ட வந்தார்.

"பீச்சுப் பழம் செதுக்கி ஒரு பெட்டி செய். அது ஆயுசைக் கூட்டுமாம். முடிச்சா உங்க அண்ணனை விடறேன்."

"நடுவுல நீங்க செத்துட்டா?"

"அவன் உள்ளயே இருப்பான்."

ஷுயின் அன்னிக்கே வேலையை ஆரம்பிச்சா. பூசினா, காயவெச்சா. அவ ஏமாத்திடுவாளோன்னு கோங் தினமும் வந்து வாசல்ல உக்காந்துப்பார். குளிர் போச்சு. பெட்டி மேல பழம் வந்துச்சு.

"பழம் மட்டும் போதாது, பக்கத்துல நாரை வேணும், அதுவும் ஆயுசுக்கு நல்லதாம்"னார்.

அப்புறம் மறுபடி பூச்சு. நாரை வந்துச்சு. அதுக்குள்ள கோங் பல்லக்கை விட்டுட்டு நடந்தே வர ஆரம்பிச்சிருந்தார், டக் டக்னு.

"ஆமை?"ன்னார்.

ஆமையும் வந்துச்சு. "பைன் மரம்?"னு இழுத்தார்.

ஷுயின் உளியை டமார்னு கீழ போட்டா. "வைத்தியர் சொன்ன குளிர் எப்பவோ போயிடுச்சு ஐயா. எங்க அண்ணனைக் குடுங்க!"

கோங் பெட்டியைப் பாத்தார். "முடிஞ்சுட்டா நான் காலைல எந்திரிச்சு எங்க போவேன்?"னு கேட்டார்.

ஷுயினுக்குக் கோவம் பாதி எறங்கிடுச்சு. "அண்ணனை விடுங்க. பைன் மரத்தை மெதுவா செதுக்கறேன்."

அன்னிக்கே அண்ணன் வந்தான். "சோறு இருக்கா?"ன்னான். ஷுயின் அழுதுக்கிட்டே போட்டா.

அப்புறம் அவ சொன்னபடியே ஒவ்வொரு இலையா செதுக்கினா. கோங் வந்து குறை சொல்வார். தேத்தண்ணி குடிப்பார். வருஷம் வருஷமா ஓடுச்சு. ஒரே ஒரு கிளைதான் பாக்கி. அப்போ ஒருநாள் அவர், "போதும்மா, அந்தக் கிளை வேண்டாம்"னார். வீட்டுக்குப் போனார். நிம்மதியா தூங்கினார். எந்திரிக்கவே இல்ல.

ம்? பெட்டியை முடிக்காம விட்டதாலயா செத்தார்ங்கறே? இல்லடா கண்ணு, அவருக்கு ரொம்ப வயசாயிடுச்சு. கதை அவ்வளவுதான். நீ தூங்கு, காலைல நான் எழுப்பறேன்.