வலை கட்டிய மூன்றாம் குழாய்

தூத்துக்குடியில் வீடுகளுக்குக் கடல்மீன் தொட்டி கட்டித் தருகிறவள் ஜெசிந்தா. வயது முப்பத்தொன்று. வேலையைக் கற்றுக்கொடுக்கவும் செய்ததால் எல்லோருக்கும் அவள் டீச்சர். அவளிடம் கற்றவர்களில் மூத்தவர் சங்கரவேல். இருபத்தைந்து வருடம் மாடிகளில் தண்ணீர்த் தொட்டி வைத்துக் குழாய் இழுத்த பிளம்பர். அவளைவிடப் பதினெட்டு வயது பெரியவர்.

எப்போது வந்தாலும் அவளுடைய ஷெட்டில் ஏதாவது ஒரு குழாயில் குறை கண்டுபிடித்துவிட்டுத்தான் உட்காருவார். அன்று காலை வந்தவர் எதையும் பார்க்கவில்லை. நாலு நாள் தாடி. சாப்பிட்டீங்களா என்று கேட்டாள். தலையை ஆட்டினார். அது ஆமாமா இல்லையா என்று தெரியவில்லை.

"டீச்சர், தண்ணி வெளிய வராத தொட்டி எப்படிக் கட்டுறது?"

"சொல்லிக்கொடுத்தேனே, அண்ணாச்சி."

"இன்னொரு தடவை சொல்லுங்க."

அவள் சொல்லவில்லை. ஓடிக்கொண்டிருந்த ஒரு தொட்டியின் பக்கம் கூட்டிப்போனாள். மேலே பவளமும் மீனும் இருக்கிற தொட்டி. கீழே அழுக்கை வடிகட்டுகிற சம்ப். மேலிருந்து தண்ணீர் சம்ப்புக்கு இறங்க மூன்று குழாய். மோட்டார் அதைத் திரும்ப மேலே தள்ளும்.

இரண்டு பழந்துணியை அவர் கையில் கொடுத்தாள்.

"முதல் குழாயை அடைங்க."

அடைத்தார். தண்ணீர் ஒரு விரற்கடை ஏறியது. இரண்டாம் குழாய் அதை வாங்கிக்கொண்டது.

"அதையும் அடைங்க."

மறுபடி ஏறியது. அதுவரை காய்ந்து கிடந்த மூன்றாம் குழாய்க்குள் தண்ணீர் பாய்ந்தது. ஷெட் முழுக்கக் கடகடவென்று சத்தம்.

"என்ன இப்படி இரையுது?"

"இரையணும். அப்பதான் வீட்டுல இருக்கவங்க வந்து பாப்பாங்க. இதுல வால்வு கிடையாது, மூடி கிடையாது, ஒண்ணும் கிடையாது. அன்னைக்கும் இதைத்தான் சொன்னேன்."

சங்கரவேல் சட்டைப்பையில் கைவிட்டு ஒரு துண்டு நைலான் வலையை எடுத்தார். உப்பு பூத்து மொரமொரவென்று இருந்தது. கட்டியிருந்த கயிறும் கூடவே வந்தது.

டீச்சர் வலையைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"கட்டுங்க. அங்க எப்படிக் கட்டினீங்களோ, அப்படியே."

கட்டினார். கை தன்னால் கட்டியது. மாடித் தொட்டியில் தண்ணீர் நிரம்பி வழிகிற குழாய்க்குக் கொசு போகாதபடி வலை கட்டாமல் அவர் எந்த வீட்டை விட்டும் இறங்கியதில்லை. போன மாதம் முதன்முதலாய்த் தனியாக ஒரு கடல்மீன் தொட்டி கட்டினார். மீன் இதுக்குள்ள விழுந்துராதா மாமா என்று அந்த வீட்டுக் குழந்தை கேட்டது. விழாது கண்ணு என்று சொல்லிக்கொண்டே மூன்றாம் குழாயில் வலையைக் கட்டிவிட்டார்.

டீச்சர் ஒரு பிடி பாசியை அள்ளித் தண்ணீரில் போட்டாள். அது மிதந்துபோய் வலையில் ஒட்டியது. சத்தம் குறைந்தது. அப்புறம் நின்றே போனது.

தண்ணீர் விளிம்புக்கு வந்தது. கண்ணாடியில் வழிந்தது. தரையில் ஓடி வந்தது.

சங்கரவேல் பெஞ்சின் மேல் ஏறிக்கொண்டார். அவளுடைய கரண்ட் பெட்டி சுவரில் தலைக்கு மேல் இருந்தது. அது தெரிந்தும் ஏறினார்.

டீச்சர் மோட்டாரை நிறுத்தினாள்.

"அங்க முதல் ரெண்டையும் எது அடைச்சுது?"

"ஒண்ணுல நத்தை. ஒண்ணுல பாசி."

"கரண்ட் பெட்டி?"

"தரையில. எலக்ட்ரீசியன் வச்சது."

"துடைக்க வந்தது யாரு?"

"பேச்சித்தாய்னு, அந்த வீட்டுல வேலை பாக்குற பிள்ளை. துணியை எடுத்துக்கிட்டுக் குனிஞ்சிருக்கா. அவ்வளவுதான் டீச்சர். அவ்வளவுதான்."

டீச்சர் ஈரத்தில் நின்றபடியே கேட்டாள்.

"வீட்டுக்காரர் என்ன சொல்றார்?"

"ஈரக் கையோட பிளக்கைப் பிடிச்சிட்டான்னு."

"எலக்ட்ரீசியன்?"

"ஒயரிங்ல ஒரு குறையும் இல்ல, அந்தப் பிள்ளைக்குத்தான் சூதானம் பத்தாதுன்னு."

"அவ புருஷன்?"

சங்கரவேல் பெஞ்சின் மேலேயே உட்கார்ந்தார்.

"எதுலயும் அவசரம், எதுலயும் அவசரம்னு அவளைத் திட்டித் திட்டி அழுதான். நடுவீட்டுல அவளைப் போட்டிருந்துச்சு. பக்கத்துலயே அவ மக உக்காந்து, அப்பன் சொல்றது எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு இருந்தா."

"வலையை யாரும் பாக்கலையா?"

"போன் வந்ததும் ஓடுனேன். முதல் வேலையா அதைத்தான் அவுத்தேன்."

டீச்சர் குழாயில் கட்டியிருந்த வலையைத் திரும்பிப் பார்த்தாள்.

"நாளைக்கு ஸ்டேஷன்ல எழுதி வாங்குறாங்க. என்னையும் வரச் சொல்லியிருக்கு. யாரும் என்னைக் கை காட்டல. எனக்கும் ரெண்டு பொம்பளப் பிள்ளைங்க இருக்கு, டீச்சர். நான் சொன்னா மட்டும் போனவ வந்துருவாளா?"

டீச்சர் வலையை அவிழ்த்தாள். பாசியோடு அப்படியே அவர் மடியில் வைத்தாள். டிரம்மிலிருந்து மூன்று வாளி உப்புத் தண்ணீர் மொண்டு சம்ப்பில் ஊற்றினாள். மோட்டாரைப் போட்டாள்.

முதல் இரண்டு குழாயிலும் துணி அப்படியே இருந்தது. மூன்றாம் குழாய் இரையத் தொடங்கியது. தெருவில் போன ஒருவர் நின்று, உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

சங்கரவேல் பெஞ்சிலேயே இருந்தார். வலை சொட்டி வேட்டி நனைந்தது.

"காது அடைக்குது, டீச்சர். அந்தத் துணியை எடுத்துரட்டா?"

"இருக்கட்டும் அண்ணாச்சி. அது ரெண்டும் வாயை மூடிக்கிச்சு. இது சத்தம் போட்டுத்தான் ஆகணும்."