திருப்பித் தர வந்த அட்டை

"டீச்சர், இதை நீங்களே வச்சுக்கிடுங்க."

ஏசுவடியான் மேசைமேல் ஒரு அட்டையை வைத்தார்.

தொற்காள் டீச்சர் நிமிரவில்லை. எழுதிக்கொண்டிருந்த வரியை முடித்தார்.

அன்று டிசம்பர் முப்பத்தொன்று, மத்தியானம். மறுநாள் காலையில் புத்தாண்டு ஆராதனை. அதில் ஒரு தட்டு சுற்றி வரும். தட்டில் அட்டைகள் கவிழ்ந்து கிடக்கும். ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். எடுத்த அட்டையில் இருக்கும் வசனம்தான் அந்த வருஷத்துக்கு ஆண்டவர் அவருக்குத் தந்த வாக்குத்தத்தம்.

உப்பளத்து ஓரத்தில் இருந்த அந்தச் சபை இப்போதெல்லாம் அட்டைகளைக் கடையில் வாங்குவதில்லை. மிஞ்சிப்போன கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி, வெறும் பக்கத்தில் டீச்சர் தம் கையால் எழுதுவார். பின்பக்கத்தில் சிலருக்கு மாப்பிள்ளையின் பாதிப் பெயர் வரும். சிலருக்கு மண்டபத்தின் விலாசம்.

தட்டைத் தூக்கி வருபவர் ஏசுவடியான்.

"எழுத்து சரியில்லையா, அண்ணாச்சி?" என்றார் டீச்சர்.

"எழுத்துக்கு என்ன குறை? வசனம்தான் சரியில்லை."

ஏசுவடியானுக்கு ஐம்பத்து நாலு வயது. டீச்சருக்கு நாற்பது. மூன்று வருஷத்துக்கு முன்னால் அவரிடம்தான் ஏசுவடியான் எழுத்துப் படித்தார். உப்பு வாரிக் காய்த்த விரல்களில் பென்சில் நிற்கவில்லை. "என்னய்யா, சிலேட்டு எடுத்துட்டு வந்தீரா?" என்று உப்பளத்தில் கேலி செய்தார்கள். அவர் விடவில்லை.

யார் உதவியும் இல்லாமல் அவர் முதலில் வாசித்தது இந்த அட்டையைத்தான்.

"வாசிங்க," என்றார் டீச்சர்.

"மாட்டேன்."

"மறந்துபோச்சா?"

"மறக்கணும்னுதான் வந்திருக்கேன்."

போன பிள்ளைகள் தங்கள் இடத்துக்குத் திரும்பி வருவார்கள். அட்டையில் இருந்த வாக்கு அதுதான்.

"போன ஜனவரியில இதை ஒரு எழுத்துத் தடுக்காம வாசிச்சேன், டீச்சர். வீட்டுக்காரிக்கு ஏழு தரம் வாசிச்சுக் காட்டினேன். ஜெபசிங் இந்த வருஷம் லீவுல வாரான்னு ஊரெல்லாம் சொன்னேன். அவன் ரூமுக்கு வெள்ளைகூட அடிச்சேன்."

ஜெபசிங் அவருடைய ஒரே மகன். வளைகுடா நாட்டில் கட்டட வேலை பார்த்தான்.

"வந்தான், டீச்சர். ஜூலையில வந்தான். பெட்டியில வந்தான்."

சாரம் சரிந்து விழுந்ததில் அவனோடு இன்னும் இரண்டு பேர் போனார்கள்.

"உங்க ஆண்டவர் சொன்ன சொல்லுத் தப்பல. திரும்பி வருவான்னாரு. வந்துட்டான்."

டீச்சர் பேனாவை மையில் தோய்த்தார். எழுதவில்லை.

"இந்த வசனத்தை ஏன் டீச்சர் எனக்குத் தந்தீங்க?"

"நான் தரல. கவுத்துத்தான் வச்சேன். நீங்கதான் எடுத்தீங்க."

"நல்லாச் சொன்னீங்க."

"வீட்டுல அன்னபாக்கியம் என்ன சொல்லுதா?"

"அதுதான் பெரிய பாடு. தினமும் விளக்கு வைக்கிற நேரத்துக்கு இதைக் கொண்டுவந்து என் கையில தாரா. வாசிங்கன்னு சொல்லுதா. அவளுக்கு எழுத்து தெரியாது. வாசிச்சாத்தான் சோத்துத் தட்டு முன்னால உக்காருதா. இந்தா, அஞ்சு மாசமா வாசிக்கேன். இனி முடியாது. வாய்க்குள்ள உப்பை அள்ளிப் போட்ட மாதிரி இருக்கு. அட்டை தொலைஞ்சு போச்சுன்னு சொல்லிடப் போறேன்."

"சொன்னா அவ சாப்பிடுவாளா?"

ஏசுவடியான் ஜன்னலைப் பார்த்தார். வெளியே உப்புக் குவியல்கள் வெயிலில் கண்ணைக் கூச வைத்தன.

"நாளைக்குத் தட்டும் தூக்க மாட்டேன். வேற ஆளைப் பாத்துக்கிடுங்க. இனி இந்தப் பக்கமே வரலை."

"சரி."

டீச்சர் கத்தரிக்கோலை அவர் பக்கம் தள்ளினார்.

"இன்னும் ஆறு அட்டை வெட்டணும். வெட்டித் தந்துட்டுப் போங்க."

ஏசுவடியான் சற்று நேரம் நின்றார். பிறகு உட்கார்ந்தார். ஒரு பத்திரிகையை எடுத்து நேராக வெட்டினார்.

"மொத்தம் எத்தனை?"

"அறுபத்து நாலு. தலைக்கு ஒண்ணு."

"வருஷா வருஷம் இப்படித்தான் சொல்லுதீங்க. வருஷா வருஷம் தட்டுல ஒண்ணு மிஞ்சுது. கணக்கு டீச்சருக்கு எண்ணத் தெரியலையேன்னு போதகர் ஐயா சிரிக்காரு."

"சிரிக்கட்டும்."

ஆறாவது அட்டையை வெட்டிவிட்டு ஏசுவடியான் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

"ஒண்ணு கேக்கேன். கோபப்படக் கூடாது."

"கேளுங்க."

"லீதியாள் போனப்ப நீங்க என்ன செஞ்சீங்க?"

லீதியாள் டீச்சரின் மகள். எட்டு வயதில் மூளைக்காய்ச்சலில் போனாள். பதினோரு வருஷம் ஆகிறது. இந்தக் கேள்வியை டீச்சரிடம் அதுவரை யாரும் கேட்டதில்லை.

டீச்சர் எழுந்தார். அலமாரியில் இருந்து தம் வேதப் புத்தகத்தை எடுத்தார். உள்ளே இருந்து ஒரு அட்டையை உருவி ஏசுவடியான் முன்னால் வைத்தார்.

அச்சடித்த அட்டை. ஓரத்தில் ரோஜாப் பூக்கள். கடையில் வாங்கிய காலத்தது. பிடித்துப் பிடித்து ஒரு மூலை கறுத்திருந்தது.

"வாசிங்க."

இந்தத் தடவை ஏசுவடியான் மறுக்கவில்லை. வகுப்பில் செய்தது போல எழுத்துக்களின் கீழே விரலை ஓட்டினார். பாதியில் விரல் நின்றது. தாம் கொண்டுவந்த அட்டையை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார்.

இரண்டிலும் ஒரே வாக்கு.

"இது எப்ப எடுத்தது?"

"அவ போன அதே வருஷம். ஜனவரியில எடுத்தேன். மார்ச்சில போயிட்டா."

"அதுக்குப் பிறகு?"

"வேற எடுக்கலை."

"பதினோரு வருஷமாவா?"

"பதினோரு வருஷமா."

ஏசுவடியானுக்குத் தட்டு ஞாபகம் வந்தது. ஒவ்வொரு வருஷமும் அவர் அதை டீச்சர் முன்னால் நீட்டுவார். டீச்சர் தலையைக் குனிந்தபடி பக்கத்து ஆள் பக்கம் தள்ளிவிடுவார். ஜெபத்தில் இருக்கிறார், கடைசியில் எடுத்துக்கொள்வார் என்றுதான் அவர் நினைத்திருந்தார்.

"ஏன், டீச்சர்?"

டீச்சர் மைப்புட்டியை மூடினார்.

"அவ இன்னும் வரலையே, அண்ணாச்சி."

டீச்சர் தம் அட்டையின் கறுத்த மூலையைத் தொட்டார்.

"தினமும் காலையில இந்த அட்டையை ஆண்டவர் முன்னால வைப்பேன். சொன்னீரே, எங்கேன்னு கேப்பேன்."

"கோபமாவா?"

"சில நாள்."

"செத்த பிள்ளை எப்படி டீச்சர் வரும்?"

"ஞாயித்துக்கிழமை தோறும் எழும்பி நின்னு சொல்லுதோமே, செத்தவங்க எழும்புவாங்கன்னு. உங்க சத்தம் கடைசி பெஞ்சு வரைக்கும் கேக்கும். சும்மாவா சொல்லுதோம்?"

மேசைமேல் இரண்டு அட்டைகள் கிடந்தன.

அவர் தம்முடையதை எடுத்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"போயிட்டு வாரேன்."

அன்று விளக்கு வைக்கிற நேரத்தில் அன்னபாக்கியம் வெறுங்கையோடு வந்தாள். அட்டையைத் தேடிப் பார்த்தேன், எங்கேயும் காணோம் என்றாள். ஏசுவடியான் பையில் இருந்து எடுத்தார். வாசித்தார். இரண்டு இடத்தில் குரல் தடுக்கியது. நிறுத்தவில்லை.

காலையில் அவர்தான் தட்டைத் தூக்கினார்.

ஆண்கள் பக்கம் முடிந்தது. அவர் எடுக்கவில்லை. பெண்கள் பக்கம் வந்தார். டீச்சர் முன்னால் தட்டை நீட்டினார். டீச்சர் தள்ளிவிட்டார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

ஐந்தாவது வரிசையில் அன்னபாக்கியம் உட்கார்ந்திருந்தாள். ஜூலைக்குப் பிறகு அன்றுதான் ஆலயத்துக்கு வந்திருந்தாள்.

அவள் கை எழவில்லை.

"எடு," என்றார் ஏசுவடியான் மெதுவாக.

"எதுக்கு?"

"புது வருஷம்லா."

"நம்ம அட்டைதான் வீட்டுல இருக்கே. அது நடக்கட்டும் முதல்ல."

புறங்கையால் தட்டைத் தள்ளிவிட்டாள்.

தட்டு பீடத்துக்குத் திரும்பியது. போதகர் எட்டிப் பார்த்தார்.

"என்ன டீச்சர், இந்த வருஷம் மூணு மிஞ்சிப்போச்சு! கணக்கு ரொம்ப மோசமாயிட்டே!"

சபை சிரித்தது.

ஏசுவடியான் தட்டைக் கீழே வைத்தார்.

"கணக்கு சரிதான், ஐயா," என்றார்.