தாண்ட முடியாத பை

மலையடிவார மடத்தில் இருந்த குருவுக்கு முப்பத்தாறு வயது. வியாழக்கிழமைதோறும் அவளிடம் வரும் சீடர் சங்கரலிங்கத்துக்கு ஐம்பத்தொன்று. அவள் அவரை அண்ணாச்சி என்பாள். அவர் அவளைத் தாயி என்பார். இருவருக்கும் அதில் கூச்சம் இருந்ததில்லை.

சங்கரலிங்கம் நூற்பாலையில் ஸ்டோர் கீப்பர். இருட்டில் கேட்டாலும் கேட்ட திருகாணியைக் கை நீட்டி எடுப்பார்.

பள்ளிக்கூடம் திறக்க நான்கு நாள் இருந்தபோது அவர் வந்து உட்கார்ந்தார். முகம் தெளிவாக இல்லை.

"வாசல் ஒழுங்கா இருந்தா மனசு ஒழுங்கா இருக்கும்னு சொன்னீங்க தாயி."

"சொன்னேன்."

"என் வாசல வந்து பாருங்க. உள்ள நுழைஞ்சதும் இடதுகைப் பக்கம் செருப்புக்கு மரத்தட்டு. அதுக்கு மேல பையன்க ரெண்டு பேருக்கும் பை மாட்ட ஆளுக்கொரு கொக்கி. பேரு எழுதி ஒட்டிருக்கேன். தண்ணி பாட்டிலுக்கு இடம், குடைக்கு இடம். போன வருசம் மாதிரி ஒத்தை சாக்ஸைத் தேடி வீடே அலையாது."

"பெறகென்ன?"

"மனசுதான் ஒழுங்காகல."

"என்னாச்சு?"

"மூத்தவ வடிவு பத்தாவது முடிச்சிட்டா. பதினொண்ணு படிக்கணும்னா டவுனுக்கு பஸ்ல போகணும். போதும்னுட்டேன். அவ கொக்கியப் பிடுங்கி, ஓட்டைய அடச்சு, வெள்ளையும் அடிச்சாச்சு. அன்னையிலருந்து விடிஞ்சா போதும், அவ புத்தகப் பைய நிலைப்படிக்குக் குறுக்க வச்சிருதா."

"தாண்டிப் போக வேண்டியதுதானே?"

அவர் பதறிப்போனார். "புத்தகத்தத் தாண்டவா? சரஸ்வதில்லா தாயி!"

"அப்ப என்ன செய்யுதீங்க?"

"குனிஞ்சு எடுத்து, கண்ணுல ஒத்தி, பரண்ல கொண்டு வைக்கேன். மறுநாள் திரும்ப வாசல்ல கெடக்கு. சின்னவன் வேற கேலி பண்ணுதான், அக்கா பைக்கு அப்பா தெனமும் கும்பிடு போடுதாருன்னு. இத நிறுத்த ஒரு வழி சொல்லுங்க."

"எத்தன நாளா குனியுதீங்க?"

"பதினோரு நாளா."

"நாளைக்கு வாரேன்," என்றாள் குரு.

மறுநாள் காலை அவள் வந்தபோது வெயில் ஏறியிருந்தது. நிலைப்படியில் பை கிடந்தது. நீலம் வெளுத்த பை. வார் அறுந்த இடத்தில் கறுப்பு நூல் தையல். மறியலுக்குப் படுத்த ஆளைப் போல அது அசையாமல் கிடந்தது.

குரு செருப்பைக் கழற்றிவிட்டுப் படிக்குக் கீழே நின்றாள்.

"உள்ள வாங்க தாயி."

"வழியில்லையே அண்ணாச்சி."

அவர் அவசரமாகக் குனிந்து பையை எடுத்தார். கண்ணில் ஒற்றினார். திரும்பினார்.

"எங்க கொண்டு போறீங்க?"

"பரணுக்கு."

"அது வேண்டாத சாமான் போடுத இடம்லா. இது வேண்டாததா?"

அவர் பையை மறு கைக்கு மாற்றினார்.

"ஒங்க மில்லுல, இடம் இல்லாம ஒரு சாமான் வந்து நின்னா என்ன செய்வீங்க?"

அவர் குரல் நிமிர்ந்தது. "எங்கிட்ட அந்தப் பேச்சே கெடையாது தாயி. வந்த சாமானுக்கு வந்த அன்னைக்கே இடம் பண்ணிருவேன். வாசல்ல போட்டு வைக்கவன் ஸ்டோர் கீப்பரே இல்ல..."

சொல்லி முடிப்பதற்குள் அவருடைய பேச்சு அவருக்கே கேட்டுவிட்டது.

"அப்ப இடம் பண்ணிட்டுக் கூப்பிடுங்க," என்றாள் குரு. "அதுவரைக்கும் நான் இங்கயே நிக்கேன்."

"வெயிலு தாயி."

"ஆமா, வெயிலுதான்."

வெறும் காலோடு அவள் சிமெண்டுத் தரையில் நின்றாள். எதிர்வீட்டுப் பெண் குடத்தோடு வெளியே வந்தவள், போகாமல் நின்றாள். அந்த வீட்டுக்கு வந்தவர் யாரும் இதுவரை தெருவில் நின்றதில்லை.

"ஏட்டி வடிவு! தாயி வெயில்ல நிக்காங்க. இந்தப் பைய வாங்கிட்டுப் போ."

வடிவு வந்தாள். பள்ளிக்கூடத்துக்குப் பின்னுவதுபோல இரட்டைச் சடை பின்னியிருந்தாள்.

"தாங்கப்பா. எங்க வைக்கணும்?"

"எங்கயாவது வையி."

"எங்கயாவது வச்சா ஒங்களுக்குப் பிடிக்காதே."

உள்ளே பையன்கள் சிரித்தார்கள். அவர் திரும்பிப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"எதுத்தா பேசுத?"

"இல்லப்பா. இடம் கேக்கேன்."

பையின் கனம் அவர் தோளை ஒரு பக்கமாக இழுத்தது. பதினோரு நாளும் தூக்கிய பைதான். இத்தனை நேரம் கையில் வைத்திருந்ததில்லை.

அடுக்களையிலிருந்து அவர் மனைவி கோமதி வந்தாள். ஒரு கையில் சுத்தியல். மறு கையில் கொக்கி.

"இது ஏது?"

"நீங்க பிடுங்கிப் போட்டதுதான். அன்னைக்கே எடுத்து உளுந்து டப்பாவுல போட்டு வச்சேன்."

"எதுக்கு?"

"இதுக்குத்தான்."

அவர் பையை மகளிடம் கொடுத்துவிட்டுச் சுத்தியலை வாங்கினார். முதல் அடியில் புது வெள்ளையும் அடைப்பும் உதிர்ந்தன. உள்ளே பழைய துளை அப்படியே இருந்தது. கொக்கி சிரமமில்லாமல் இறங்கியது. அவரே பையை வாங்கி மாட்டினார். கொஞ்சம் ஆடி, பிறகு நின்றது.

வடிவு பைக்குள் கைவிட்டு மடித்த விண்ணப்பத்தையும் பேனாவையும் எடுத்து நீட்டினாள்.

"இன்னைக்குத்தாம்பா கடைசி நாளு."

அவர் அதைக் கதவில் வைத்து அழுத்திக் கையெழுத்துப் போட்டார். மகளின் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு வாசலுக்கு வந்தார்.

"பயமா இருக்கு தாயி. பஸ்ல போற பிள்ளை. வீட்டுக்கு நாலு பேரு வருவாங்க, போவாங்க. மூணாவது கொக்கி யாருக்குன்னு கேப்பாங்க. நான் என்ன சொல்ல?"

வெறுமையாக இருந்த நிலைப்படியைக் கடந்து குரு உள்ளே வந்தாள்.

"அஞ்சு மணி பஸ்ல வருவா, இருந்து அவகிட்டயே கேட்டுட்டுப் போங்கன்னு சொல்லுங்க."