கரட்டுப்பட்டிப் படி

பூங்குன்றைச் சீமையை ஆண்ட வல்லபராயருக்கு மாதம் ஒருமுறை அரிசி விலையைக் காதால் கேட்டாக வேண்டும். சீமையில் ஐந்து சந்தைகள். எதிலும் அரிசி படி ஒரு காசுக்கு மேல் விற்கக் கூடாது என்பது அவர் போட்ட கட்டளை. அமைச்சர் மழவராயர் ஐந்து ஊர் விலையையும் விசாரித்து ஓலை தயார் செய்வார். அரண்மனை எழுத்தர் தில்லைவிடங்கன் அதைச் சபையில் வாசிப்பார். ஐந்து ஊரிலும் படி ஒரு காசு. போன மாதமும் அதுதான், அதற்கு முந்தின மாதமும் அதுதான். ஓலையைப் பார்க்காமலே வாசிக்க அவருக்குப் பழகிவிட்டது.

ஒரு நாள் மலையடிவாரத்துக் கரட்டுப்பட்டியிலிருந்து காத்தாயி என்பவள் சபைக்கு வந்தாள். முன்பெல்லாம் ஒரு காசு அரிசி பொங்கினால் வீட்டில் நாலு பேர் சாப்பிடுவோம், இப்போது இரண்டு பேர் எழுந்திருப்பதற்குள் பானை காலி என்றாள். விலை ஏறிவிட்டது, விசாரிக்க வேண்டும் என்று கேட்டாள்.

மழவராயர் ஓலையை எடுத்துக் காட்டினார். விலை ஏறவில்லை, இவள் அரசாங்கத்தின்மேல் பழி போடுகிறாள், சீமையைவிட்டே துரத்த வேண்டும் என்றார். கரட்டுப்பட்டி அரிசிக் கடை அவருடைய மைத்துனருடையது. அது சபையில் எல்லோருக்கும் தெரியும், வல்லபராயரைத் தவிர.

காத்தாயியின் கால் வெடிப்புகளில் இரண்டு நாள் நடையின் புழுதி அப்பியிருந்தது. பொய் சொல்வதற்காக யாரும் இவ்வளவு தூரம் நடக்க மாட்டார்கள் என்று தில்லைவிடங்கனுக்குத் தோன்றியது. தோன்றியதோடு நிற்காமல், யாராவது நேரில் போய்ப் பார்த்தால் என்ன என்று சொல்லியும்விட்டார்.

ராயருக்கு எரிச்சல் வந்தது.

"நீரே போய்ப் பாரும். ஆனால் யாரிடமும் விலை கேட்கக் கூடாது. கேட்டால் ஆளாளுக்குப் புலம்புவார்கள். கேட்காமலே ஐந்து ஊர் விலையையும் பத்து நாளில் என் முன்னால் கொண்டுவந்து வையும். முடியாவிட்டால் இவளோடு நீரும் எல்லையைத் தாண்ட வேண்டியதுதான்."

மறுநாள் தில்லைவிடங்கன் ஐந்து காசும் ஐந்து பையும் எடுத்துக்கொண்டு கிளம்பினார். ஒவ்வொரு ஊர்க் கடையிலும் காசை நீட்டினார், பையைப் பிடித்தார், வாயைத் திறக்கவில்லை. ஊமை போலிருக்கிறது என்று ஓரிடத்தில் இரக்கப்பட்டார்கள். அளவில் ஒன்றும் கூட்டிப் போடவில்லை.

பத்தாம் நாள் சபையில் ஐந்து வாழையிலைகளை விரித்து, ஐந்து பைகளையும் கொட்டினார். முதல் இலையில் நல்ல குவியல். அடுத்தடுத்த இலைகளில் சிறுத்துக்கொண்டே வந்தது. கரட்டுப்பட்டி இலையில் முதல் குவியலில் பாதிதான் இருந்தது.

"ஒவ்வொன்றும் ஒரு காசு, மகாராஜா" என்றார்.

மழவராயர் அசரவில்லை. ஊருக்கு ஊர் படி கொஞ்சம் கூடும், கொஞ்சம் குறையும், அது அந்தந்த ஊர் வழக்கம் என்றார். "படி என்றால் படிதான். படி ஒரு காசு என்பது கட்டளை. எந்தக் கடையிலாவது கூட ஒரு காசு வாங்கினார்களா?"

வாங்கவில்லை. ராயர் மீசையைத் தடவி யோசித்தார். கட்டளை அவருடையது. படி என்றுதான் அதில் இருந்தது, எவ்வளவு பெரிய படி என்று இல்லை. அமைச்சரின் ஓலையில் குற்றமில்லை என்று ஒப்புக்கொண்டார். சந்தேகப்பட்டதற்கு ஈடாக மழவராயருக்கு ஆயிரம் படி அரிசி கொடுக்கும்படி உத்தரவு எழுதச் சொன்னார். காத்தாயி தன் மூட்டையைக் கட்டத் தொடங்கினாள்.

தில்லைவிடங்கன் எழுத்தாணியை எடுத்து, பாதி எழுதி நிறுத்தினார்.

"எந்த ஊர்ப் படி என்று எழுதட்டும், மகாராஜா?"

"அரண்மனைப் படி" என்றார் மழவராயர்.

"படி என்றால் படிதான் என்று ஐயா இப்போதுதான் சொன்னீர்கள். கரட்டுப்பட்டிப் படி என்று எழுதிவிடுகிறேன். உங்கள் மைத்துனரே அளந்து கொடுத்துவிடுவார்."

"அதில் அளந்தால் பாதிதானே வரும்!"

சொன்ன பிறகுதான் மழவராயர் வாயை மூடினார்.

"இதையும் ஓலையில் சேர்த்துக்கொள்ளட்டுமா?" என்று பணிவாகக் கேட்டார் தில்லைவிடங்கன்.

ராயர் சிரிக்க ஆரம்பித்து, நிறுத்த முடியாமல் தண்ணீர் கேட்டார். பிறகு தீர்ப்புச் சொன்னார். பரிசு பரிசுதான், ஆனால் அது கரட்டுப்பட்டிக்குப் போகும். அமைச்சர் தம் கையாலேயே வீடு வீடாக அளந்து கொடுக்க வேண்டும், அரண்மனைப் படியால். எழுத்தருக்கு ஒரு பட்டுச் சால்வை கிடைத்தது. காத்தாயி வண்டியில் ஊர் திரும்பினாள். அதே வண்டியில், அரண்மனைப் படியை மடியில் வைத்துக்கொண்டு, மழவராயரும் உட்கார்ந்திருந்தார்.